பத்துப் பேருக்கு மேல் ஏற்காத மெஷின்

என் கணவரைக் கொண்டுபோன அதே மாதத்தில்தான் நான் வேலை பார்த்த கந்தோருக்கு அந்தப் பெரிய போட்டோகொப்பி மெஷின் வந்தது. ஒன்றுக்கும் மற்றதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அந்தக் காலத்தைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது மெஷின்தான். நாலு பேர் அதை மாடிப்படியில் தூக்கி வந்தது, திருப்பத்தில் சுவரில் உரசிச் சுண்ணாம்பு கொட்டியது, நான் விளக்குமாறு எடுத்துக் கூட்டியது. அன்றைக்கு அவரைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

போர் அதன் கடைசி வருடத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. அது கடைசி வருடம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

கண்டியில், நீதிமன்றத்துக்குப் போகிற பாதையில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கந்தோர். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்று மொழிக்கும் மொழிபெயர்த்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரை குத்திக் கொடுப்போம். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், காணி உறுதிப் பத்திரம், வழக்குத் தீர்ப்பு. நாட்டை விட்டுப் போகிறவர்கள் கூடக் கூட எங்களுக்கு வேலை கூடியது. முதலாளி அலவத்துகொடைக்காரர். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர் என்பதால் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் எல்லோருமே அவரை ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம்.

மொழிபெயர்த்த எல்லாம் ஒரே கொம்பியூட்டரில் இருந்தன. மூலையில், அலுமாரிக்குப் பக்கத்தில், என் மேசையில் இருந்தது அது. மற்ற மேசைகளில் இருந்த பத்துக் கொம்பியூட்டர்களும் வயர் வழியாக இதற்குள் வந்துதான் வேலை எடுக்கும். அதைச் சேர்வர் என்று சொல்வோம். உண்மையில் அது கடையில் விற்கிற சாதாரண மேசைக் கொம்பியூட்டர். கம்பளையில் ஆறு மாதம் கொம்பியூட்டர் படித்திருந்தேன் என்ற ஒரே காரணத்துக்காக ஹாஜியார் அதை என் பொறுப்பில் விட்டிருந்தார்.

என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் கம்பளைப் பெண், அப்பாவுக்கு அங்கே புடவைக்கடை. கணவர் கண்டியில் ஒரு நில அளவையாளரிடம் படம் வரைகிற வேலை பார்த்தார். கட்டுகஸ்தோட்டையில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து இருந்தோம். வெளியூர்த் தமிழர் செய்ய வேண்டிய பொலிஸ் பதிவு இருந்தது, அடையாள அட்டை இருந்தது, எல்லாம் இருந்தது. ஒரு வியாழக்கிழமை மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்டத்துக் காணியை அளந்துவிட்டுப் பஸ்ஸில் வரும்போது சோதனைச் சாவடியில் அவரை இறக்கினார்கள். பையில் சுருட்டி வைத்திருந்த படத்தை விரித்துப் பார்த்தார்கள். பாதை, பாலம், துரை பங்களா, தொழிற்சாலை எல்லாம் அளவோடு கீறியிருந்தது. அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. பஸ் அவரை விட்டுவிட்டு வந்துவிட்டது. அதே பஸ்ஸில் வந்த, எங்களைத் தெரிந்த ஒருவர் மறுநாள் கந்தோருக்கு ஏறி வந்து சொன்னார். "நாளைக்கு விட்டுருவாங்கம்மா, விசாரிக்கத்தான்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விடவில்லை. வழக்கும் போடவில்லை. இரண்டு இடம் மாற்றி, கடைசியில் வேறு மாவட்டத்தில் ஒரு தடுப்பு முகாமில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவந்தது.

அப்பா கம்பளையிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கினார். எண்பத்து மூன்று கலவரத்தில் கடையை நெருப்புக்குக் கொடுத்தவர் அவர். அழவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. வீட்டில் இருந்த ஒவ்வொரு துண்டுக் காகிதத்தையும் எடுத்துப் பார்த்தார். போகும்போது, "எதுலயும் ஒரு சின்னக் குறை இருக்கக் கூடாதும்மா. கரண்ட் பில்லுகூட நாள் தவறக் கூடாது. அவங்க கைக்கு நாமளா ஒண்ணும் எடுத்துக் குடுக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். நான் சரி என்றேன். அந்த வாரத்தில் எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

போட்டோகொப்பி மெஷின் வந்ததற்கு மறுநாளே கந்தோரில் கரைச்சல் தொடங்கியது. காலையில் கடைசியாக வருகிறவருக்குச் சேர்வருக்குள் போக முடியவில்லை. ஆங்கிலத்தில் ஒரு பெட்டி திரையில் விழும்: இந்தக் கொம்பியூட்டர் ஏற்கக்கூடிய அளவு இணைப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன, இனி ஏற்க முடியாது. கடைசியாக வருகிறவர் அநேகமாக எங்கள் சிங்கள மொழிபெயர்ப்பாளர்தான். கடுகண்ணாவையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர், என்னை விடப் பத்து வயது மூத்தவர், நான் அக்கா என்பேன், அவர் சிங்களத்தில் நங்கி, தங்கச்சி, என்பார். தமிழை எங்களோடு இருந்தே பழகியவர்.

"இந்த மெஷினுக்கு என்னைப் பிடிக்காது, நங்கி" என்றார் முதல் நாள். மூன்றாம் நாள் சிரிப்பில்லாமல் அதையே சொன்னார்.

ஹாஜியார் கொம்பியூட்டர் திருத்துகிற பையனைக் கூப்பிட்டார். முதுகில் பை போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வருகிற சிங்கள இளைஞன். என் கதிரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தான்.

"பழுது ஒன்றும் இல்லை, மிஸ்" என்றான் சிங்களத்தில். "இதில் போட்டிருப்பது மேசைக் கொம்பியூட்டருக்கான மென்பொருள். வெளியிலிருந்து பத்து மெஷினுக்கு மேல் உள்ளே விடாது. லைசன்ஸ் அப்படி. இவ்வளவு நாளும் சரியாகப் பத்து இருந்தது. இப்போது இந்தப் போட்டோகொப்பியும் ஸ்கேன் பண்ணுவதை இதற்குள்தானே அனுப்புகிறது? அதுதான் பதினோராவது."

எல்லோரும் அந்தப் போட்டோகொப்பியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"காசு குடுத்து வாங்கின சாமான்" என்றார் ஹாஜியார். "அதுக்குள்ள எத்தின பேர் போறது எண்டு வித்தவன் செல்லுவானா?"

"அப்படித்தான் ஹாஜியார். பத்துக்கு மேல் வேண்டுமென்றால் சேர்வர் மென்பொருள் தனியாக வாங்க வேண்டும்."

விலை என்ன என்று ஹாஜியார் கொழும்புக்குப் போன் எடுத்துக் கேட்டார். போனை வைத்துவிட்டு வந்து கதிரையில் சாய்ந்தார். "தங்கச்சி, சேர்வருக்கு ஒரு விலை. அதுக்குப் பொறகு, அதைத் தொடுற ஒவ்வொரு ஆளுக்கும் வேற ஒரு விலை. எங்கட கந்தோருக்குள்ள நாங்க போறதுக்கு நாங்களே டிக்கட் எடுக்கோணும்." அவருக்கு அப்போது கையில் அவ்வளவு இல்லை, போட்டோகொப்பிக்கே தவணை கட்டிக்கொண்டிருந்தார்.

பையன் குரலைத் தாழ்த்தி, "கொப்பி அடித்த டிஸ்க் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் விற்கிறான். ஒரு மணி நேரத்தில் போட்டுத் தருவேன். கண்டியில் யார் காசு கொடுத்துப் போடுகிறார்கள்?" என்றான்.

அவன் சொன்னது உண்மை. அந்த நாளில் காசு கொடுத்து மென்பொருள் வாங்கிய ஒரு கடையைக்கூட நான் அறியேன். எங்களுடையதுகூட வாங்கும்போதே மெஷினோடு வந்திருந்ததால்தான் ஒழுங்கானது. ஹாஜியார் என்னைப் பார்த்தார். சரி என்று சொல்வேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார். எனக்கே தெரியாமல், "வேணாம் ஹாஜியார்" என்றேன்.

"என்னத்துக்கு?"

"யாராச்சும் வந்து பார்த்தா? என் வீட்டுக்காரர் உள்ள இருக்கார். நான் வேலை செய்யிற இடத்துல களவு மென்பொருள் இருக்குன்னு ஒரு வார்த்தை வந்துட்டா?"

அவரைப் பற்றி அங்கே நான் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. பையன் தன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான். ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு, "சரி. போட வாணாம்" என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் பத்துக்குள்ளேயே வாழப் பழகினோம். யார் யார் சேர்வருக்குள் இருக்கிறார்கள் என்று என் திரையில் ஒரு பட்டியலைத் திறந்து பார்க்கலாம். சும்மா இருக்கிற ஒருவரை அங்கிருந்தே கட் பண்ணலாம். போட்டோகொப்பியில் ஸ்கேன் எடுக்க ஆள் வந்தால், நான் எழும்பி நின்று, "யார் வெளிய வர்றீங்க?" என்று கேட்பேன். யாராவது கையைத் தூக்குவார்கள். யாரும் தூக்காவிட்டால் ஒருவரின் பேரைச் சொல்லி, "கட் பண்ணவா?" என்பேன். "இருங்க இருங்க, சேவ் பண்ணிக்கிறேன்" என்று பதில் வரும். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேர் முன்பாகப் போனால் மற்றவர்களுக்கு நிம்மதி. கொஞ்சப் பேருக்கு என் மேல் கோபம். ஒரு சின்ன டிஸ்க்கால் தீர்கிற விஷயத்துக்கு நான் எல்லோரையும் வருத்துகிறேன் என்று தட்டெழுத்தாளர் ஒருவர் போனில் யாருக்கோ சொன்னது எனக்குக் கேட்டது. கேட்டது, அவ்வளவுதான். ஒன்றும் தோன்றவில்லை.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்றும் சொல்ல முடியாது. ஆனால் காலையில் எழும்பியதும் அதை நினைக்க முடிந்தது. இன்றைக்கு யார் லீவு, எத்தனை பேர் வருவார்கள், யாரை எப்போது வெளியே எடுக்கலாம். பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வருவேன். வேறு எதையும் யோசிக்கத் தொடங்கினால் யோசனை ஒரு இடத்தில் நின்றுவிடும்.

முகாமில் மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க விடுவார்கள். விடியும் முன்பே பஸ் ஏறி, கொழும்பில் மாறி, மத்தியானம் போய்ச் சேர வேண்டும். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், நடுவில் கதிரை போட்டு ஒரு காவலர். கொஞ்ச நேரம்தான். எதைப் பேசுவது? வழக்கறிஞரைப் பற்றிப் பேசக் கூடாது. போர் நடந்துகொண்டிருந்த வன்னியைப் பற்றி, அங்கே அகப்பட்டிருந்த அவருடைய தமக்கை குடும்பத்தைப் பற்றிப் பேசவே கூடாது. அடித்தார்களா என்று கேட்க முடியாது. "சாப்பிட்டீங்களா?" "ஓம்." "நித்திரை வருதா?" "ஓம்." அதற்குமேல் இரண்டு பேருக்கும் வார்த்தை வராது. காவலர் மணிக்கூட்டைப் பார்ப்பார்.

அதனால் மூன்றாவது தடவை போனபோது சேர்வர் கதையைச் சொன்னேன். யாருக்கும் கெடுதல் இல்லாத கதை என்று நினைத்தேன். அவர் கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்து கேட்டார். கணக்கான விஷயங்கள் அவருக்குப் பிடிக்கும்.

"பத்துக்கு மேலே எடுக்காதோ?"

"எடுக்காது. பத்துப் பேர்தான். பதினோராவது ஆள் வந்தா நான் ஒருத்தர வெட்டணும்."

"ஆரை வெட்டுறது எண்டு ஆர் முடிவெடுக்கிறது?"

"நான்தான். பேர் எல்லாம் வரிசையா வரும். சும்மா இருக்கிற ஆளப் பார்த்து வெட்டுவேன்."

அவர் சிரித்தார். பிடிபட்ட பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். காவலர் எழும்பிப் போனார். நேரம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

வெளிவாசலுக்குப் போவதற்கு முன் ஒரு பெண் பொலிஸ் வந்து என் கையைப் பிடித்தார். ஒரு அறைக்குக் கொண்டுபோனார். மேசைக்குப் பின்னால் ஒரு அதிகாரி, முன்னால் அதே காவலர். காவலருக்குத் தமிழ் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"யார் அந்தப் பத்துப் பேர்?" என்று சிங்களத்தில் கேட்டார் அதிகாரி.

நான் விளங்காமல் நின்றேன்.

"பதினோராவது ஆள் யார்? யாரை வெட்டப் போகிறாய்?"

அப்போதுதான் நாங்கள் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அந்தக் காவலரின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மேசை விளிம்பில் ஒரு தேத்தண்ணீர்க் கோப்பை, அதில் ஒரு எறும்பு சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினேன். சேர்வர், மேசைக் கொம்பியூட்டர், லைசன்ஸ், போட்டோகொப்பி. என் சிங்களம் மோசமில்லை, கந்தோர்ச் சிங்களம். ஆனால் சொல்லச் சொல்ல அது எனக்கே பொய் மாதிரிக் கேட்டது.

"பதினோராவது ஆள் ஒரு போட்டோகொப்பி மெஷினா?" என்றார் அதிகாரி.

"ஓம் சேர்."

"விலை கொடுத்து வாங்கிய கொம்பியூட்டர் ஏன் பத்தில் நிற்கிறது?"

"லைசன்ஸ் பத்துக்குத்தான், சேர்."

அவர் யோசித்தார். "பஸ்ஸில் ஆசனம் இவ்வளவு என்று எழுதியிருக்கிறதே, அந்த மாதிரியா?"

"அந்த மாதிரித்தான் சேர்."

"பஸ்ஸில் அதை யாரும் பார்ப்பதில்லையே."

"இந்த மெஷின் பார்க்குது சேர்."

என்னை ஒரு நீட்டு மர வாங்கில் உட்கார வைத்தார்கள். ஹாஜியாரின் கந்தோருக்குப் போன் போனது. ஹாஜியார் பிறகு சொன்னார், அவரும் பதறிப்போய், "பத்துப் பேர்தான் சேர், சத்தியமாப் பத்துப் பேர்தான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார், அது உதவவில்லை. கடைசியில் அதிகாரி தன் கந்தோரில் கொம்பியூட்டர் பார்க்கிற ஒருவரைக் கூப்பிட்டார். கண்ணாடி போட்ட, மெலிந்த மனிதர். அவரிடம் எல்லாவற்றையும் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதிகாரியைப் பார்த்து, "சரிதான் சேர். அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. நம்முடையதும் முதலில் அப்படித்தான் நின்றது" என்றார்.

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை இழுத்து எடுத்தார். பிறகு நான் சொன்னதை எழுதி வாங்கிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

அந்த மெலிந்த மனிதர்தான் வாசல் வரை கூட வந்தார். மாலையாகிவிட்டிருந்தது. "மிஸ், ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள்?" என்றார். "கடையில் கொப்பி டிஸ்க் இருக்கிறதே, அதைப் போடுங்கள். நாங்களும் அதைத்தான் போட்டிருக்கிறோம்."

நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன். காலையில் கட்டிக்கொண்டு போன சோற்றுப் பார்சல் பையிலேயே இருந்தது. பஸ்ஸில் அதைப் பிரித்துச் சாப்பிட்டு முடித்தேன். புளித்திருந்ததா என்று இப்போது ஞாபகம் இல்லை.

அடுத்த மாதம் போனபோது என்னை உள்ளே விடவில்லை. விசாரணை முடியவில்லை என்றார்கள். அதற்கடுத்த மாதமும், பிறகு போன மாதங்களிலும் விடவில்லை. அவருக்கு ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். கொண்டுபோன சாரத்தையும் பற்பசையையும் மட்டும் வாங்கிக்கொண்டார்கள், அதுகூட அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததோ தெரியாது.

கந்தோரில் இதை ஹாஜியாருக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் சொன்னேன். அக்கா எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். அவருக்கு ஒரு தம்பி பேராதனையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான், அவனிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். என்னத்தைக் கேட்கப் போகிறார் என்று நான் விசாரிக்கவில்லை.

அதற்குள் போர் முடிந்தது. தெருவெல்லாம் வெடி கொளுத்தினார்கள். கீழே மருந்துக்கடைக்காரர், நல்ல மனிதர், ஒரு தட்டில், நல்ல நாளுக்குச் சிங்களவர் செய்கிற பாற்சோறு வெட்டிக்கொண்டு மாடி ஏறி வந்து எல்லா மேசைக்கும் கொடுத்தார். அக்கா எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு நீட்டியபோது நானும் ஒரு துண்டு எடுத்தேன். வாயில் போட்டு விழுங்கினேன். வன்னியில் அவருடைய தமக்கை குடும்பத்தில் யார் மிஞ்சினார்கள் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. இரண்டு பிள்ளைகள் மிஞ்சியிருந்தார்கள், அது பிறகு தெரிந்தது.

அக்காவின் தம்பி ஒரு சனிக்கிழமை வந்தான். கொம்பியூட்டருக்குக் காசில்லாமல் போடக்கூடிய, யாரும் களவு என்று சொல்ல முடியாத மென்பொருள் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்றான். எழுதினவர்களே எல்லோரும் எடுக்கலாம் என்று விட்டிருக்கிறார்களாம். அதற்குள் எத்தனை பேர் வந்தாலும் அது கணக்குப் பார்க்காது. பரணில் கிடந்த பழைய மெஷின் ஒன்றைத் துடைத்து, அந்த மென்பொருளைப் போட்டு அதையே சேர்வராக்கினான்; மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் தொடங்கி, தேத்தண்ணீர் நேரத்தில் முடித்துவிட்டான். ஹாஜியார் காசு கொடுக்கப் போனார், அவன் வாங்கவில்லை. திங்கட்கிழமை எல்லோரும் வந்தார்கள், பத்து மேசையும் போட்டோகொப்பியும் ஒன்றாக வேலை செய்தன. அக்கா வழக்கம்போலக் கடைசியாக வந்து, பெட்டி எதுவும் விழாமல் உள்ளே போனார். நான் ஒரு தடவை பழக்கதோஷத்தில் எழும்பி நின்றுவிட்டு, உட்கார்ந்தேன்.

அவரை விட்டது அதற்கும் பல மாதம் கழித்து. குற்றம் ஒன்றும் இல்லை என்று ஒரு பக்கக் காகிதம் கொடுத்தார்களாம். எனக்கு அறிவிக்கவில்லை. மாலையில் நான் வேலை முடிந்து கட்டுகஸ்தோட்டைக்கு வந்தபோது, வீட்டுக்காரம்மா கொடுத்த கதிரையில், எங்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மயிர் நரைத்திருந்தது. நான் திறப்பை எடுத்துக் கதவைத் திறந்தேன். உள்ளே வாங்க என்றேன், யாரோ வேற்றாளுக்குச் சொல்கிற மாதிரி. அவர் குளித்து முடிக்கும்வரை நான் சோறு வடித்துப் பருப்பும் கத்தரிக்காயும் வைத்தேன்.

சாப்பிட உட்கார்ந்த பிறகு கேட்டார். "நீர் ஏன் பிறகு வரேல்லை? அந்தப் பத்துப் பேர் கதை சொன்ன நாளோட நிண்டிட்டீர். உமக்கு ஏதோ நடந்திட்டுது எண்டு நினைச்சன். நெடுகலும் அதைத்தான் நினைச்சுக்கொண்டு கிடந்தனான்."

வந்தேன், விடவில்லை என்றேன். ஏன் விடவில்லை என்று சொன்னேன். காவலருக்குத் தமிழ் தெரியும் என்பதை, பத்துப் பேர் யார் என்று கேட்டதை, போட்டோகொப்பி மெஷினை.

அவர் கையைச் சோற்றில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதுக்காகவோ?" என்றார்.

"அதுக்காகத்தான்."

சிரிப்பார் என்று நினைத்தேன். நானும் சிரிக்கலாம் என்று காத்திருந்தேன். வெளியே மழை பிடித்தது. அவர் தன் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடும்" என்றார். போட்டேன்.